வீட்டுக் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க

சென்ற ஓராண்டாக நம் சங்கக் கூட்டங்களுக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப் போய் ஒரே கேள்வியைக் கேட்கிறார். "சார், வீட்டில் கேமரா மாட்டியிருக்கிறோம். வீட்டுக்குள் இருந்தால் போனில் நன்றாகத் தெரிகிறது. தெருமுனை தாண்டினால் தெரியவில்லை. என்ன செய்வது?" கேட்பவர்கள் பலவிதம். கோடை விடுமுறைக்கு ஒன்றரை மாதம் ஊருக்குப் போய்விட்டு, இங்கே நாகபுரியில் பூட்டிக் கிடக்கும் வீட்டை நினைத்துத் தூக்கம் வராதவர்கள் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கம் தனியாக இருக்கும் தாயாரை இங்கிருந்து ஒரு பார்வை பார்த்துக்கொள்ள விரும்புகிறவர்கள் உண்டு. நவராத்திரிக் கொலுவைப் பெங்களூரிலும் பரோடாவிலும் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்படும் பாட்டிமார்களும் உண்டு. இந்த மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஆகவே விரிவாக எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். டிப்ளமா முடித்து, ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் 38 ஆண்டுகள் வேலை பார்த்து 2018இல் ஓய்வு பெற்றவன். ஆனால் ரூட்டர் என்கிற அந்தச் சின்னப் பெட்டிக்குள் நடப்பதைப் பார்த்தால், நாங்கள் பராமரித்த பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் பேரப்பிள்ளை என்றே அதைச் சொல்லத் தோன்றுகிறது.

தூரத்திலுள்ள ஒரு பொருளைக் கேமரா மூலம் நெட்வொர்க்கில் பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தது ஒரு காபிப் பாத்திரம். காபி விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்றாலும், இந்தப் பெருமை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தையே சேரும். அங்கே கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடத்தில் வேறு மாடிகளில் இருந்தவர்கள் படியேறி வந்து பார்த்தால் பாத்திரம் காலியாக இருக்குமாம். 1991இல் அதன் முன் ஒரு கேமராவை நிறுத்தி, நீளம் 128 புள்ளி, அகலம் 128 புள்ளி கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை அவரவர் மேஜைக்கே வரவழைத்தார்கள். 1993இல் அதே படத்தை இன்டர்நெட்டிலும் விட்டார்கள். 2001 ஆகஸ்டில் நிறுத்தப்படும் வரை உலகத்தில் எங்கிருந்தோ யார் யாரோ அந்தப் பாத்திரத்தில் காபி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். காபிப் பாத்திரத்தை யார் பார்த்தால் என்ன? நம் வீட்டுக் கூடம் அப்படியல்லவே.

எக்ஸ்சேஞ்சும் ரூட்டரும்

ரயில்வே காலனியில் குடியிருந்தவர்களுக்கு அந்தக் கறுப்பு டெலிபோன் நினைவிருக்கும். ரயில்வேக்குள் யாரை வேண்டுமானாலும் அதில் அழைக்கலாம். அனுமதி இருந்தால் அதிலிருந்து ஊர் லைனுக்கும் போகலாம். ஆனால் ஊரில் இருக்கும் ஒருவர் தம் வீட்டுப் போனிலிருந்து நேராக நம் ரயில்வே எண்ணைச் சுழற்றினால் வராது. அந்த எண் எக்ஸ்சேஞ்சுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். வெளியார் எக்ஸ்சேஞ்சின் பொது எண்ணுக்குப் போன் செய்து, "இன்னாரோடு பேச வேண்டும்" என்று ஆபரேட்டரிடம் சொன்னால்தான் உள்ளே இணைப்புக் கிடைக்கும்.

உங்கள் வீட்டு ரூட்டரும் இதையேதான் செய்கிறது. வீட்டிலுள்ள போன், டிவி, கேமரா ஒவ்வொன்றுக்கும் அது ஓர் உள் எண் கொடுத்திருக்கிறது. பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். உங்கள் வீட்டிலும் 192.168.1.5 இருக்கும், எதிர்வீட்டிலும் அதே எண் இருக்கும், சண்டை வராது. வெளியுலகத்துக்கு உங்கள் வீடு முழுவதற்கும் ஒரே ஒரு பொது எண்தான். இப்படிச் சிக்கனம் பிடிக்கக் காரணம் இருக்கிறது. பழைய முறையில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான் உண்டு. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது.

உள்ளிருந்து வெளியே போவது சுலபம். வெளியிலிருந்து கேமராவைக் கேட்டு ஒரு அழைப்பு வந்தால்தான் சிக்கல். ரூட்டரில் இருக்கும் ஆபரேட்டருக்கு அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாது. தெரியாவிட்டால் கீழே போட்டுவிடுவார். தெருமுனை தாண்டினால் படம் தெரியாததற்குக் காரணம் இவ்வளவே. கேமராவில் பழுது ஏதும் இல்லை. சிக்னல் ஆசாமியான எனக்கு இந்தக் குணம் பிடித்திருக்கிறது. கம்பி அறுந்தால் சிக்னல் சிவப்பில் நிற்க வேண்டும் என்பதுதானே எங்கள் முதல் பாடம்.

ஆபரேட்டருக்கு உத்தரவு கொடுப்பது எப்படி? முறையைச் சொல்கிறேன், இதை எப்போது செய்யக் கூடாது என்பதும் பின்னால் வருகிறது, அதையும் படித்துவிட்டுக் கை வையுங்கள்.

ரூட்டரின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் உள்ள முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, வீட்டுக் கம்ப்யூட்டரின் பிரவுசரில் தட்டினால் ரூட்டரின் பக்கம் திறக்கும். முதலில் கேமராவின் உள் எண்ணை நிலையாக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் போய் வந்ததும் ரூட்டர் அதற்கு வேறு எண் கொடுத்துவிடும்; நேற்று ஐந்தாக இருந்தது இன்று எட்டாகிவிடும். டிஎச்சிபி ரிசர்வேஷன் அல்லது அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற பகுதியில் கேமராவின் மேக் முகவரியைக் கொடுத்து ஓர் எண்ணை அதன் பேருக்கே எழுதி வைத்துவிடலாம். மேக் முகவரி கேமராவின் உடம்பிலேயே அச்சிட்டிருக்கும்.

அடுத்தது வாசல். இதற்கு போர்ட் என்று பெயர். ஒரு முகவரிக்கு 65,535 வாசல்கள் வரை உண்டு. சாதாரண வலைப்பக்கம் 80ஆம் வாசலிலும், பூட்டிய வலைப்பக்கம் 443ஆம் வாசலிலும், கேமராவின் ஓடும் படம் வழக்கமாக 554ஆம் வாசலிலும் வரும். ரூட்டரில் போர்ட் பார்வர்டிங் என்றோ விர்ச்சுவல் சர்வர் என்றோ ஒரு பகுதி இருக்கும். சில கம்பெனிக்காரர்கள் அதை நாட் என்ற தலைப்பின் கீழ் ஒளித்து வைத்திருப்பார்கள். அங்கே "வெளியிலிருந்து இந்த எண் வாசலுக்கு வந்தால், உள்ளே 192.168.1.5இன் 554ஆம் வாசலுக்கு அனுப்பு" என்று ஒரு வரி எழுதிச் சேமித்தால் ஆபரேட்டருக்கு உத்தரவு போய்விட்டது.

இனி வெளியூர்க்காரருக்கு உங்கள் பொது எண் தெரிய வேண்டும். அது பல இணைப்புகளில் அவ்வப்போது மாறும். மாறும் எண்ணை ஒரு நிலையான பெயரோடு சேர்த்து வைக்கும் சேவைக்கு டைனமிக் டிஎன்எஸ் என்று பெயர். ரூட்டரே தன் புதிய எண்ணை அங்கே தெரிவித்துவிடும். பார்ப்பவர் பெயரை மட்டும் தட்டினால் போதும். அல்லது இணைப்புக் கொடுப்பவரிடம் கட்டணம் கட்டி நிலையான எண்ணே வாங்கிவிடலாம்.

சோதிக்கும்போது போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வெளி எண்ணைத் தட்டினால் பல ரூட்டர்களுக்குத் தன் வாலையே தான் பிடிக்கத் தெரியாது. எல்லாம் சரியாகச் செய்திருந்தும் படம் வராது. நீங்கள் ஒரு மணி நேரம் குழம்புவீர்கள்.

மேலே இன்னொரு எக்ஸ்சேஞ்ச்

இவ்வளவும் செய்து மொபைல் டேட்டாவிலும் படம் வரவில்லையா? ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி என்று ஓர் எண் இருக்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் ஐபி எண்ணைக் காட்டும் ஏதாவதொரு வலைத்தளத்தைத் திறந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிழை உங்கள் வரியில் இருக்கிறது, மறுபடி பாருங்கள். வேறாக இருந்தால் உங்கள் எக்ஸ்சேஞ்சே வேறொரு பெரிய எக்ஸ்சேஞ்சின் உள் எண்ணாக இருக்கிறது என்று பொருள்.

இதில் இரண்டு வகை. சில வீடுகளில் பைபர் பெட்டி ஒரு ரூட்டர். அதற்குப் பின்னால் நாமே வாங்கி வைத்த வைஃபை ரூட்டர் இன்னொன்று. இது நம் கையில் இருக்கும் சிக்கல். இரண்டிலும் வரி எழுதலாம். அல்லது நம்முடையதை வெறும் வைஃபைக் கோபுரமாக மாற்றிவிடலாம். இரண்டாவது வகையில் கம்பெனிக்காரரே பல நூறு வீடுகளை ஒரே பொது எண்ணின் பின்னால் உட்கார வைத்திருப்பார். உங்கள் வான் ஐபி 100.64 முதல் 100.127 வரை ஏதாவதொன்றில் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். இதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. இங்கே உங்கள் ஆபரேட்டருக்கு எத்தனை உத்தரவு போட்டாலும் பயனில்லை. மேலேயிருக்கும் பெரிய எக்ஸ்சேஞ்சின் சாவி நம்மிடம் இல்லை. கடைப்பையன் மூன்று முறை வந்து பார்த்தும் சரியாகவில்லை என்று நம்மில் பலர் நொந்துகொண்டதற்குப் பின்னால் அநேகமாக இந்தச் சங்கதிதான் இருக்கும்.

புதிய முறை எண்களான ஐபிவி6இல் பஞ்சமே கிடையாது. வீட்டிலுள்ள பல்லி எண்ணிக்கைக்குக்கூட ஆளுக்கொரு பொது எண் கொடுக்கலாம். ஆனால் அங்கேயும் ரூட்டரின் தடுப்புச் சுவர் வெளியிலிருந்து வருவதை நிறுத்தும், நிறுத்தத்தான் வேண்டும்.

"வேற யாரு பாக்கறாங்க?"

எங்கள் கட்டடத்தில் ஓர் அம்மையார் இருக்கிறார். 82 வயது. கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகன் குவாஹாட்டியில் வேலையாக இருக்கிறார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவது. பெயர் போடாமல் எழுதலாம் என்று அவர் சொன்ன பிறகே இதை எழுதுகிறேன். குளியலறை வாசலில் ஒருமுறை வழுக்கி விழுந்து, பால்காரர் வரும் வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். மகன் பதறிப்போய், இங்கே ஒரு கடையில் போனிலேயே பேசி, கேமரா மாட்டச் செய்தார். கூடத்தில் ஒன்று, நடையில் ஒன்று, படுக்கையறை வாசலில் ஒன்று. கடைப்பையன் வந்தான், ஒரு மணி நேரத்தில் மாட்டினான், குவாஹாட்டியில் படம் தெரிந்தது, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான். எல்லோருக்கும் திருப்தி.

மூன்று மாதம் கழித்து மகன் என்னைக் கூப்பிட்டார். "மாமா, படம் அடிக்கடி நின்று போகிறது. நெட் ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று அம்மா சொல்கிறாள். கொஞ்சம் பார்க்க முடியுமா?" போய்ப் பார்த்தேன். ரூட்டரில் 80ஆம் வாசலும் 554ஆம் வாசலும் கேமராப் பெட்டியைப் பார்த்துத் திறந்திருந்தன. பெட்டியோ பழைய சரக்கு. அக்காவையும், போனில் இருந்த மகனையும் சாட்சியாக வைத்துக்கொண்டு, என் போனின் வைஃபையை அணைத்துவிட்டு அந்த வீட்டின் பொது எண்ணைத் தட்டினேன். கேமராப் பெட்டியின் வாசல் பக்கம் வந்தது. கம்பெனிக் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் அச்சடித்திருந்த பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டேன். அக்கா ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பது என் போனில் தெரிந்தது.

பெட்டியின் பதிவேட்டைத் திறந்தோம். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று அது எழுதி வைத்திருக்கும். மகன் பார்த்த நேரங்கள் இருந்தன. அவர் பார்க்காத நேரங்களிலும், அவருக்குச் சம்பந்தமே இல்லாத முகவரிகளிலிருந்து யாரோ வந்து போன வரிகள் வரிசையாக இருந்தன. அது மனிதரா, தானாகத் திரியும் புரோகிராமா என்று அந்த வரிகளைக் கொண்டு சொல்ல முடியாது. மகன் போனில் ஒன்றும் பேசவில்லை. அக்காதான் கேட்டார்: "எம் பையன் பாக்கறதுன்னா பாக்கட்டும். வேற யாரு பாக்கறாங்க தம்பி?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் எழுந்து போய், துவைத்து மடித்து வைத்திருந்த ஒரு கைக்குட்டையை எடுத்துக் கூடத்துக் கேமராவின் மேல் போட்டார். அது நான்கு நாள் அங்கேயே கிடந்தது.

"நம் வீட்டை யார் தேடி வரப்போகிறார்கள்" என்று பல அன்பர்கள் நினைக்கிறார்கள். யாரும் பெயர் சொல்லித் தேடுவதில்லை; அது தேவையுமில்லை. 2013இலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், நல்ல வேகமான இணைப்புள்ள ஒரே கம்ப்யூட்டரிலிருந்து, பழைய முறைப் பொது எண்கள் அத்தனையிலும் ஒரு குறிப்பிட்ட வாசல் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று செய்து காட்டினார்கள். 2014இல் ஒரு வலைத்தளம், கடவுச்சொல் மாற்றப்படாத ஆயிரக்கணக்கான கேமராக்களை நாடு வாரியாக அடுக்கி யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருந்தது. 2016இல் மிராய் என்கிற கிருமி வந்தது. அறுபத்துச் சொச்சம் கம்பெனிக் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர் பெட்டிகளையும் தன் படையில் சேர்த்துக்கொண்டது. அந்த அக்டோபர் 21ஆம் தேதி அது டின் என்ற கம்பெனியின் மீது பாய்ந்தபோது அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் தடுமாறின. டைனமிக் டிஎன்எஸ் சேவையைப் பல வீட்டுக் கேமராக்காரர்களுக்குப் பழக்கியதே அந்தக் கம்பெனிதான். அக்காவின் வீட்டு நெட் மெதுவாக ஓடியதற்கும் இப்படி ஏதோ ஒரு படையில் சேர்ந்தது காரணமாக இருக்கலாம். பெட்டியைத் துடைத்துப் புதிதாக அமைத்த பிறகு வேகம் திரும்பியது.

நம் நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் படங்கள் வெளியே போய், இன்டர்நெட்டில் விலைக்கு வந்து, 2025இல் போலீஸ் வழக்காகிப் பலர் கைதானார்கள். அந்தப் பெண்களின் குடும்பங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் போதாதா? அவசியம் மாற்ற வேண்டும், ஆனால் போதாது. உலகின் மிகப் பெரிய கேமராக் கம்பெனி ஒன்றின் கேமராக்களில் கடவுச்சொல்லே கேட்காமல் உள்ளே நுழையும் ஓட்டைகள் 2017இலும் 2021இலும் கண்டுபிடிக்கப்பட்டன. 554க்குப் பதிலாக 48,554 என்று வெளி வாசலை மாற்றி வைப்பதும், திண்ணையில் வைக்கும் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் மாற்றி வைப்பது போலத்தான். ஆகவே என் அபிப்பிராயம் இது: கேமராவையோ ரெக்கார்டரையோ நோக்கி நேராக வாசல் திறக்கவே கூடாது. கடையில் எத்தனை சாதாரணமாகச் சொன்னாலும் சரி, கூடாது.

அப்படியானால் எப்படிப் பார்ப்பது?

பெரும்பாலோருக்குச் சுலபமான வழி கம்பெனி ஆப். பெட்டியிலுள்ள கட்டச் சதுரக் குறியைப் போனில் காட்டியதும் வேலை செய்யத் தொடங்குமே, அதுதான். இதில் வெளியார் உள்ளே வருவதில்லை. கேமராவே உள்ளிருந்து வெளியே போய்க் கம்பெனியின் சர்வரில் காத்திருக்கிறது. உங்கள் போனும் அங்கே போய்ச் சேர்கிறது. ஆகவே ரூட்டரில் எந்த வரியும் எழுத வேண்டாம். மேலே பெரிய எக்ஸ்சேஞ்ச் இருந்தாலும் தடையில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் மூன்றாமவர் ஒருவரை ஏற்றுக்கொள்கிறீர்கள் என்பதைத் தெரிந்தே செய்யுங்கள். நம் அரசாங்கமும் 2025 ஏப்ரல் முதல், விற்பனைக்கு வரும் கண்காணிப்புக் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்று விதித்திருக்கிறது. புதிதாக வாங்குபவர்கள் எஸ்டிக்யூசி சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம். மலிவு என்று பழைய சரக்கைத் தள்ளிவிடும் கடைகள் இன்னும் இருக்கின்றன.

இந்த ஆப்களில் இரட்டைச் சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு. கடவுச்சொல் போட்ட பிறகும் உங்கள் போனுக்கு வரும் எண்ணைக் கேட்கும். தொல்லை என்று அதை அணைத்து வைக்காதீர்கள். ஸ்டேஷன் ரிலே அறைக்கு இரண்டு பூட்டு உண்டு. ஒன்றின் சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம். மற்றொன்று எங்கள் பிரிவு ஆளிடம். இருவரும் சேராமல் கதவு திறக்காது. நடுராத்திரியில் மழையில் நனைந்துகொண்டு மற்றவருக்காகக் காத்து நின்றபோது நானும் அதைத் திட்டியிருக்கிறேன். ஆனால் ஒருவர் தனியாக உள்ளே போய்க் கை வைத்தால் எதிரெதிரே இரண்டு வண்டி வரக்கூடும் என்பதால்தான் அந்த ஏற்பாடு.

இரண்டாவது வழி விபிஎன். அக்கா வீட்டில் இதைத்தான் செய்தோம். வீட்டுக்கும் குவாஹாட்டியிலுள்ள போனுக்கும் நடுவே பூட்டிய சுரங்கம் ஒன்று. அந்தப் போனில் அதை இயக்கினால், போன் அம்மா வீட்டு வைஃபையிலேயே இருப்பது போல ஆகிவிடுகிறது. கேமராவை உள் எண்ணாலேயே பார்க்கலாம். வயர்கார்டு என்ற முறை இதில் நல்லது. இதற்கும் ஒரு வாசல் திறக்க வேண்டும்தான். ஆனால் சரியான சாவியில்லாமல் தட்டுகிறவருக்கு அது பதிலே சொல்லாது. உள்ளே ஆள் இருப்பதே தெரியாது. சில ரூட்டர்களில் இது உள்ளேயே வருகிறது. வராவிட்டாலும், பெரிய எக்ஸ்சேஞ்சுக்குப் பின்னால் இருந்தாலும், டெயில்ஸ்கேல் போன்ற சேவை உண்டு; சொந்த உபயோகத்துக்குக் கட்டணமில்லாத திட்டமும் அதில் இருக்கிறது. தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிதான ராஸ்பெரி பை கம்ப்யூட்டர் ஒன்றை மகன் அனுப்பினார். அதில் இதை ஏற்றி ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். பழைய இரண்டு வாசல்களையும் அழித்தேன். யூபிஎன்பி என்ற வசதியையும் அணைத்தேன். இது இருந்தால், வீட்டிலுள்ள கருவிகள் நம்மைக் கேட்காமல் தாமே ஆபரேட்டருக்கு உத்தரவு கொடுத்து வாசல் திறந்துகொள்ளும். உங்கள் ரூட்டரில் அது இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள். மறுநாள் மொபைல் டேட்டாவிலிருந்து அந்தப் பொது எண்ணைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. குவாஹாட்டியில் மட்டும் தெரிந்தது.

கொலு விஷயம் முற்றிலும் வேறு. அதைப் பார்க்க நாற்பது பேர் வருவார்கள், எல்லோருக்கும் விபிஎன் சாவி கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. வீட்டு இணைப்பிலிருந்து நாற்பது பேருக்குத் தனித்தனியாகப் படம் அனுப்பினால் இணைப்பு மூச்சுத் திணறும். யூட்யூப் நேரலையில் ஒரே ஒரு படத்தை மேலே அனுப்பினால், அவர்கள் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பரிமாறிக்கொள்வார்கள். அன்லிஸ்டட் என்று வைத்தால் சுட்டி தெரிந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். ஆனால் சுட்டி கைமாறிப் போகக்கூடியது. ஆகவே கேமராவில் பொம்மைகளும் படிகளும் மட்டும் தெரியட்டும். முதல் தடவை நேரலை வசதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். மகாளய அமாவாசைக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். சுண்டல் ஊறப்போட்ட பிறகு அல்ல.

ஒரு கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல தெளிவான படத்துக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால், இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளைக்கு 21 ஜிபிக்கு மேல். அதுவும் வீட்டிலிருந்து மேலே போகும் திசையில். பைபர் இணைப்பு தாங்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் மொபைல் டேட்டாவில் கேமராவை ஓட்டுகிறவர்கள், சப் ஸ்ட்ரீம் என்ற சிறிய படத்தை மட்டும் பாருங்கள். தேவைப்பட்டபோது மட்டும் திறந்து மூடுங்கள். ரூட்டருக்கென்றே சிறிய யூபிஎஸ் கிடைக்கிறது. அதையும் வாங்கி வையுங்கள். மின்சாரம் போன நேரத்தில்தானே கவலை அதிகம். நம் நாகபுரி மே மாத வெயிலில் ரூட்டரைச் செருப்பு அலமாரிக்குள் அடைத்து வைக்காதீர்கள். அதற்கும் காற்று வேண்டும்.

அக்கா வீட்டில் கம்பி வேலை முடிய ஒரு நாள்தான் ஆயிற்று. கேமரா எங்கே பார்க்க வேண்டும் என்ற பேச்சு முடிய ஒரு வாரம் ஆயிற்று. மகனுக்கு மூன்று கேமராவும் வேண்டும். அக்காவுக்கு ஒன்றும் வேண்டாம். "நான் என்ன பொருட்காட்சியா? தலை பின்னிக்கிறதையும் தூங்கறதையும் அவன் ஆபீஸ்ல உக்காந்து பாக்கணுமா?" என்றார். மகன், "விழுந்தா யாரும்மா பாக்கறது?" என்றார். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. போனை நடுவில் வைத்துக்கொண்டு நான் காபி குடித்தேன்.

கடைசியில் அக்காவே தீர்ப்புச் சொன்னார். படுக்கையறை வாசல் கேமரா கழற்றப்பட்டது. நடைக் கேமரா குளியலறைக்கு வெளியே உள்ள தரையை மட்டும் பார்க்கும், கதவைப் பார்க்காது. கூடத்துக் கேமரா வாசல் கதவையும் சாப்பாட்டு மேஜையையும் பார்க்கும். ஊஞ்சலும் பூஜை அலமாரியும் அதற்கு வெளியே. காலை ஏழு மணிக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும் மகன் பார்க்கலாம். நடுவில் பார்க்க வேண்டுமென்றால் முதலில் போன் செய்ய வேண்டும். போனை எடுக்காவிட்டால் கேட்காமலே பார்க்கலாம். கைக்குட்டை அவர் கையிலேயே இருக்கும். பேச்சை ஒலிப்பதிவு செய்யும் வசதியையும் அணைத்துவிடச் சொன்னார், அணைத்தேன். வேலைக்கு வரும் பெண்ணிடமும் கேமரா இருப்பதை அவரே காட்டிச் சொல்லிவிட்டார்.

இப்போது ஏழு மணிக்கு அக்கா காபி டம்ளரோடு சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்து ஒரு கையை அசைக்கிறாராம். மகன் சொன்னார்.

இந்த மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை சங்க நூலகத்தில் இருப்பேன். வீட்டில் வாசல் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள விரும்பும் அன்பர்கள் வரலாம். வரும்போது ரூட்டரின் அடிச்சீட்டையும் கேமராப் பெட்டியின் மாடல் எண்ணையும் போட்டோ எடுத்து வாருங்கள். சீட்டில் கடவுச்சொல் அச்சிட்டிருக்கும் இடத்தை விரலால் மறைத்துக்கொண்டு எடுங்கள்; அது எனக்குத் தேவையில்லை.